பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்கு நாம் தரவேண்டிய உண்மை



விமானம் ஓட்டும் ஒருவர் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். 60 வயதைக் கடந்தவர் என்றால் 6 மாதங்களுக்கு ஒருமுறை. கண், காது, இதயம், இரத்தம், சிறுநீர் என அனைத்தும் சோதிக்கப்படும். அதற்கு முன் அவர் கையில் ஒரு படிவம் தரப்படும். உங்களுக்கு மயக்கம் வந்ததுண்டா? வலிப்பு உண்டா? மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றீர்களா? என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறீர்கள்? இப்படிப் பல கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, நான் சொன்னது உண்மை என்று அவர் கையொப்பமிடுகிறார்.

இயந்திரங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆயினும் ஒரு மனிதனின் உடலுக்குள்ளும் மனத்துக்குள்ளும் இருப்பதை எல்லாம் அவை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட முடியாது. சென்ற மாதம் வந்த மயக்கத்தை இன்றைய இதய வரைபடம் காட்டாது. இரவு முழுவதும் உறங்காமல் புரண்டதை இரத்தப் பரிசோதனை சொல்லாது. அதை அவரே சொன்னால்தான் உண்டு. ஆகவே ஒரு விமானத்தின் பாதுகாப்பு ஓரளவுக்கு, அந்தக் காகிதத்தின் முன் தனியாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதனின் மனச்சான்றில் அடங்கியிருக்கிறது.

"நாங்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். விமானியின் படிவத்தைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அவிநாசிபாளையம் சுங்கத்தில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். திருப்பூரை நோக்கிச் செல்லும் கம்பெனி வேன்களிலும் பேருந்துகளிலும் நம் பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் சாய்ந்திருக்கிறார்கள். ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் அதே வண்டியில் திரும்புகிறார்கள். ஓட்டுநரின் உடல்நிலை என்ன என்று அவர்களில் எவரும் கேட்டதில்லை. நம்பி ஏறுகிறார்கள், அவ்வளவுதான். விமானத்தில் நடப்பதும் இதுவே. வானத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு நம் ஊர்ச் சாலைக்கு வருவோம்.

கோழிக்கோட்டில் நடந்தது என்ன?

2020 ஆகஸ்ட் 7. கொரோனாக் காலம். வேலை இழந்தவர்களையும், ஊர் திரும்ப வழியின்றித் தவித்தவர்களையும் 'வந்தே பாரத்' திட்டத்தின் கீழ் நம் அரசு அழைத்து வந்துகொண்டிருந்தது. அன்று துபாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 விமானத்தில் விமானிகள், பணியாளர்கள் உட்பட 190 பேர் இருந்தனர். கோழிக்கோடு விமான நிலையம் நமக்கு அயலூர் போன்றது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் எட்டிவிடும் தூரம். மலை உச்சியைச் சமப்படுத்தி அமைக்கப்பட்ட ஓடுதளம் அது. இரு முனைகளுக்கு அப்பாலும் பள்ளம்.

அன்று நல்ல மழை. முதல் முறை இறங்க முயன்றபோது தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் நின்றுபோனது. இறங்காமல் மேலே எழும்பி, எதிர்த் திசையிலிருந்து மீண்டும் வந்தார்கள். இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. 8,858 அடி நீளமுள்ள ஓடுதளத்தில், 4,438 அடி கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. அதாவது பாதி ஓடுதளம் ஏற்கெனவே போய்விட்டது. மீண்டும் மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி சொன்னார். விமானம் நிற்காமல் ஓடி, முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரு விமானிகளும் 19 பயணிகளுமாக 21 பேர் இறந்தனர். நோய்த்தொற்றுக்கு அஞ்சாமல், கொண்டோட்டிப் பகுதி மக்கள் மழையில் ஓடிவந்து காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றதை நாம் மறக்க முடியாது.

விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் அறிக்கை 2021 செப்டம்பரில் வெளிவந்தது. வகுக்கப்பட்ட நடைமுறைகள் பின்பற்றப்படாததும், சரியான நிலையில் இல்லாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததும் விபத்துக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்றது அறிக்கை. துணைபுரிந்த காரணங்களையும் அது வரிசைப்படுத்தியது. அவற்றுள் ஒன்று நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. தலைமை விமானி மருத்துவரின் பரிந்துரை இல்லாத பல நீரிழிவு மருந்துகளை உட்கொண்டு வந்திருக்கலாம். அதனால் இரத்தத்தில் சர்க்கரை இலேசாகக் குறைந்து, சிந்தனையில் நுட்பமான தளர்ச்சி ஏற்பட்டிருக்கலாம். சிக்கலான நேரத்தில் முடிவெடுப்பதில் ஏற்பட்ட பிழைகளுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அறிக்கை கூறியது.

இங்கே நாம் கவனமாகப் பேச வேண்டும். இது அறிக்கை சொல்லும் சாத்தியக்கூறு. அந்த விமானி நீண்ட அனுபவமும் நற்பெயரும் கொண்டவர். தம் தரப்பைச் சொல்ல அவர் இன்று இல்லை. எனவே அவர் பெயரைச் சொல்லிக் குறைகூறுவது நம் நோக்கமல்ல. அவரையும் அவரோடு இறந்தவர்களையும் இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்துவிட்டு, அறிக்கை நமக்குக் கற்றுத்தருவதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மாத்திரைகளின் கணக்கு

நீரிழிவு இருந்தால் விமானம் ஓட்டவே முடியாது என்பதில்லை. மெட்ஃபார்மின் போன்ற மருந்தால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால், மருத்துவக் கண்காணிப்புடன் பறக்க அனுமதி உண்டு. அந்த மருந்தைத் தனியாக உட்கொள்ளும்போது சர்க்கரை அபாயமான அளவுக்குக் கீழிறங்குவது அரிது. ஆனால் எல்லா நீரிழிவு மாத்திரைகளும் அப்படியல்ல. கிளிமிபிரைடு போன்றவை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துகொண்டே இருப்பவை. நேரத்துக்கு உணவு இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த அறிகுறிகள் வெளியே தெரியாத அளவில் சற்றே குறைந்தாலும் கவனம் சிதறும், முடிவெடுப்பது தாமதமாகும். தனக்கு அப்படி நேர்கிறது என்பதே அந்த மனிதருக்குத் தெரியாமல் போகலாம்.

இதனால்தான் விமானியிடம், "உனக்கு என்ன நோய்?" என்று கேட்பதோடு மருத்துவர்கள் நிறுத்துவதில்லை. "எந்த மாத்திரை? எத்தனை மில்லிகிராம்? எத்தனை வேளை?" என்றும் கேட்கிறார்கள். நோயைச் சொல்லி மாத்திரையைச் சொல்லாவிட்டால், ஒரு மாத்திரையைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டால், எழுதியது பொய்யாக இல்லாமலிருக்கலாம். ஆனால் அது உண்மையும் ஆகாது.

நம் ஊரில் இது எவ்வளவு சாதாரணம்! பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை குறைந்த மாத்திரை என்று, காலி அட்டையை மெடிக்கலில் காட்டி நாமும் வாங்குகிறோம். தர்ம ஆஸ்பத்திரி மாத்திரை ஒன்று, தனியார் டாக்டர் எழுதியது ஒன்று, நாட்டு மருந்துப் பொடி ஒன்று என மூன்றையும் சேர்த்து விழுங்குகிறோம். டாக்டர் கேட்டால், "நீங்க குடுத்ததுதாங்க சாப்பிடறேன்" என்கிறோம். திட்டுவாரோ என்ற பயம்தான் காரணம். நாம் நல்லவர் என்று அவர் நினைக்க வேண்டும் என்பதற்காக, நம்மைக் குணப்படுத்த வேண்டியவரின் கண்ணையே கட்டிவிடுகிறோம்.

ஏன் மறைக்கிறார்கள்?

மறைப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் நிகழ்வுகள் வேறு விதமாகவும் பேசுகின்றன.

2015 மார்ச் 24 அன்று ஸ்பெயினின் பார்சலோனாவிலிருந்து ஜெர்மனியின் டூசல்டார்ஃபுக்குப் புறப்பட்ட ஜெர்மன்விங்ஸ் விமானம் பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் மோதி, அதிலிருந்த 150 பேரும் இறந்தனர். ஹால்டெர்ன் என்ற சிற்றூரின் பள்ளியிலிருந்து சென்று திரும்பிக்கொண்டிருந்த 16 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் அவர்களில் இருந்தனர். துணை விமானியே வேண்டுமென்று விமானத்தைக் கீழே செலுத்தினார் என்று பிரான்ஸ் புலனாய்வாளர்கள் 2016 மார்ச்சில் வெளியிட்ட இறுதி அறிக்கையில் கூறினர். அவர் மனநோய்க்குப் பல மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்று வந்தார். மனநல மருத்துவமனையில் சேருமாறு ஒரு மருத்துவர், விபத்துக்கு இரு வாரங்கள் முன் பரிந்துரைத்திருந்தார். பணி செய்ய இயலாது என்ற மருத்துவச் சான்றுகளும் அவரிடம் இருந்தன. அவை நிறுவனத்திடம் போய்ச் சேரவில்லை. மருத்துவர்களும் எவருக்கும் தெரிவிக்கவில்லை.

அந்த அறிக்கை ஒரு படி மேலே சென்று, ஏன் இப்படி என்று கேட்டது. உடல்நிலை காரணமாக உரிமத்தை இழந்தால் வருமானம் போகும், பறக்கும் கனவும் போகும் என்ற அச்சம் விமானிகளை மௌனமாக்குகிறது என்று கண்டது. வருமான இழப்பைத் தாங்க உதவி வேண்டும், அச்சமின்றிப் பேசச் சக விமானிகளின் ஆதரவுக் குழுக்கள் வேண்டும், பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவர் எப்போது வாய் திறக்கலாம் என்பதற்குத் தெளிவான விதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரியில் விமானிகளின் மனநலம் பற்றி வழிகாட்டுதல்களை வெளியிட்டு, இத்தகைய ஆதரவுத் திட்டங்களை வலியுறுத்தியது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வால் வாடும் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அவர்களைக் கண்டு அஞ்சுவது அநீதி. அந்த அச்சமே அவர்களை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளச் செய்கிறது.

அச்சத்தோடு ஆசையும் சேர்ந்துகொள்வது உண்டு. அமெரிக்காவில் 2002 முதல் நடந்த ஒரு விசாரணையில், கலிஃபோர்னியாவின் வட பகுதி விமானிகளின் பட்டியலையும், உடல் இயலாமைக்காக அரசு உதவித்தொகை பெறுவோரின் பட்டியலையும் ஒப்பிட்டார்கள். சிலர் ஓர் அலுவலகத்தில் "என்னால் வேலை செய்ய முடியாது" என்றும், மற்றோர் அலுவலகத்தில் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றும் எழுதியிருந்தது வெளிப்பட்டது. 2023-லும் முன்னாள் படைவீரர்களான ஏறத்தாழ 4,800 விமானிகளின் மருத்துவப் பதிவுகள் இதே காரணத்துக்காக அங்கே ஆராயப்பட்டன. ஒரே உடலைப் பற்றி இரண்டு சாட்சியங்கள்! எந்தப் பக்கம் பணம் வருகிறதோ, அந்தப் பக்கத்துக்கு ஏற்ற சாட்சியம்.

இறைவார்த்தையின் ஒளியில்

எட்டாம் கட்டளை பிறருக்கு எதிராகப் பொய்ச் சான்று சொல்வதைத் தடைசெய்கிறது (விப 20:16). நம் உடலைப் பற்றி நாம் சொல்வது நம்மைப் பற்றியதுதானே, அதில் பிறருக்கு என்ன என்று தோன்றலாம். தூய பவுல் எபேசியருக்கு எழுதும்போது, பொய்யை விலக்கி உண்மை பேச வேண்டியதற்கு ஓர் அழகான காரணத்தைத் தருகிறார். நாம் ஒருவருக்கொருவர் உறுப்பினர்களாய் இருக்கிறோம் என்பதே அது (எபே 4:25). கண் தான் பார்த்ததைக் காலிடம் மறைத்தால் முழு உடலும் குழியில் விழும். ஓட்டுபவரும் பின்னால் அமர்ந்திருப்பவரும் அந்தப் பயணம் முடியும்வரை ஓருடல்.

அனனியா, சப்பிரா தம்பதியரை நாம் அறிவோம் (திப 5:1-11). நிலத்தை விற்ற பணம் முழுவதையும் திருத்தூதரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பேதுருவே அதைச் சொல்கிறார். அவர்கள் செய்த பிழை, ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, இதுதான் முழுவதும் என்று காட்டிக்கொண்டது. பாதி உண்மையை முழு உண்மையின் இடத்தில் வைத்தார்கள். மருத்துவரிடம் ஒரு மாத்திரையைச் சொல்லி மற்றவற்றை விழுங்கிவிடுவதும் அந்த வழியைச் சேர்ந்ததுதான்.

ஆனால் நற்செய்தியில் வேறொருவரும் இருக்கிறார். 12 ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண் (மாற் 5:25-34). பல மருத்துவர்களிடம் சென்று கைப்பொருள் அனைத்தையும் செலவழித்தும் பயனில்லை. அன்றைய சட்டப்படி அவர் தொட்டதெல்லாம் தீட்டு (லேவி 15:25-27). கூட்டத்துக்குள் அவர் வந்திருக்கவே கூடாது. எனவே தம் நோயை மறைத்து, முகத்தை மறைத்து, பின்னாலிருந்து இயேசுவின் மேலுடையைத் தொட்டார். நலம் கிடைத்துவிட்டது. ஓசையின்றி நழுவிப் போயிருக்கலாம். இயேசு நின்றார். தம்மைத் தொட்டவர் யார் என்று கேட்டார். அப்பெண் நடுங்கிக்கொண்டே வந்து, அவர்முன் விழுந்து, நடந்த உண்மை அனைத்தையும் சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார்.

அவர் உண்மையைச் சொன்னபோது என்ன நடந்தது? இயேசு அவரைக் கூட்டத்தின் முன் வெட்கப்படுத்தவில்லை. சட்டத்தை மீறினாய் என்று துரத்தவில்லை. மகளே என்று அழைத்தார். அமைதியோடு அனுப்பினார். உண்மையைச் சொல்லத் துணிந்த ஒருவரும், அதைக் கேட்டுத் தாங்கிக்கொண்ட ஒருவரும் அங்கே இருந்தார்கள். இந்த இருவரும் இருக்கும் இடத்தில்தான் உண்மை பிழைக்கும். சொல்பவருக்கு மட்டும் கடமை உண்டு, கேட்பவருக்கு இல்லை என்று நற்செய்தி சொல்வதில்லை.

மருத்துவரின் இரகசியம்

ஒருவர் நம்பிக்கையோடு சொன்னதை மருத்துவர் வெளியே சொல்லலாமா? இந்தக் கேள்விக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி விடை தருகிறது (எண் 2491). தொழில்முறை இரகசியங்கள் காக்கப்பட வேண்டியவை. ஆனால் அந்த இரகசியத்தைக் காப்பதால் மிகக் கடுமையான தீங்கு விளையும், அதைத் தவிர்க்க வேறு வழியில்லை என்னும் விதிவிலக்கான நிலையில், அதை வெளியிடலாம். ஒப்புரவு அருள்சாதனத்தின் இரகசியம் வேறு. எந்தக் காரணத்துக்காகவும் குருவானவர் அதை மீற முடியாது. மருத்துவரின் மௌனம் அத்தகையது அன்று. வண்டி ஓட்டுபவருக்கு வலிப்பு என்று அறிந்த மருத்துவர் முதலில் அவரையே, "நீங்களே போய்ச் சொல்லுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்" என்று தூண்ட வேண்டும். பல சமயங்களில் அதுவே போதுமானதாக இருக்கும்.

வதந்தியும் பொய்ச் சான்றே

எட்டாம் கட்டளைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. போதிய ஆதாரமின்றிப் பிறரைக் குற்றவாளியாக எண்ணுவதையும் மறைக்கல்வி கண்டிக்கிறது (எண் 2477). 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விமானம் விழுந்து, தரையில் இருந்தவர்கள் உட்பட 260 பேர் இறந்தனர். சில நாட்களிலேயே விமானியின் மனநிலை பற்றிக் கதைகள் கிளம்பின. நம் கைப்பேசிகளுக்கும் அவை வந்தன. நம்மில் சிலர் அவற்றை அனுப்பியும் வைத்தோம். ஜூலையில் வெளியான முதற்கட்ட அறிக்கையோ, புறப்படும் முன் நடந்த மூச்சுப் பரிசோதனையில் இரு விமானிகளும் தகுதியுடன் இருந்ததாகவும், போதிய ஓய்வு பெற்றிருந்ததாகவும் பதிவு செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், மகனை இழந்த முதிய தந்தையிடம், விமானிமீது எவரும் பழி சொல்ல முடியாது என்று ஆறுதல் கூறியது.

அறியாத ஒருவரின் நோயைப் பற்றி நாம் பேசும் ஒவ்வொரு வார்த்தையும், தன் நோயைச் சொல்ல நினைக்கும் இன்னொருவரின் வாயை அடைக்கிறது. "இவர்கள் அவரைப் பற்றியே இப்படிப் பேசினால், என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்?" என்று அவர் நினைக்கமாட்டாரா?

நம் ஊர்ச் சாலையில்

இப்போது அவிநாசிபாளையம் சுங்கத்துக்குத் திரும்புவோம். ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் எவரும் படிவம் 1-ல் உடல்தகுதி பற்றி உறுதிமொழி தருகிறோம். வலிப்பு, திடீர் மயக்கம், தலைச்சுற்றல் உண்டா என்று அது கேட்கிறது. பார்வையைப் பற்றிக் கேட்கிறது. மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்று கேட்கிறது. கம்பெனி வேன், லாரி, பேருந்து ஓட்டுபவர்களும் 40 வயதைக் கடந்தவர்களும் மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் 1ஏ-யையும் தர வேண்டும். விமானியின் படிவத்துக்கு இது தம்பி முறை.

இதை நாம் எப்படி நடத்துகிறோம்? டிரைவிங் ஸ்கூல்காரர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதி நீட்டுவார். படிக்காமல் கையொப்பமிடுவோம். உடலைத் தொட்டுப் பார்க்காத மருத்துவரின் சான்றிதழும் சேர்ந்து வரும். இது பொய் என்று நமக்குத் தோன்றுவதுகூட இல்லை. 'பார்மாலிட்டி' என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். ஆனால் அந்த 'இல்லை'யின் பின்னால் 20 பெண்கள் அமர்ந்து தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஓட்டுநரின் பக்கத்தையும் பார்ப்போம். ஷிப்மென்ட் நெருக்கடியில், "இன்னும் ஒரு டிரிப் போய்ட்டு வா" என்றால் முடியாது என்று சொல்ல அவரால் முடியுமா? கண் மங்குகிறது என்று சொன்னால் நாளை அவருக்கு வேலை இருக்குமா? பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வேன் கடன் தவணை, வீட்டு வாடகை ஆகியவை அவர் நாக்கைப் பிடித்து இழுக்கின்றன. இந்நிலையில் உண்மை பேசு என்று மட்டும் அவரிடம் போதிப்பது பாதி நற்செய்தி.

எனவே கம்பெனி நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும்போது முதலுதவிப் பெட்டியையும் பதிவேட்டையும் ஒழுங்காக வைக்கிறோம். அதே அக்கறையோடு, உடல்நிலை சரியில்லை என்று ஓட்டுநர் சொன்னால் அன்றைக்கு அவருக்கு ஓய்வும், தேறும்வரை ஸ்டோரிலோ பேக்கிங்கிலோ வேறொரு வேலையும் தர முடியுமா? டையிங்கில் கொதிகலன் பார்ப்பவர், கட்டிங் மெஷினில் நிற்பவர் ஆகியோருக்கும் இதே கேள்வி பொருந்தும். உண்மை சொன்னவன் தெருவில் நிற்கமாட்டான் என்று ஒருமுறை கண்டால், அடுத்தவன் தானாகவே வந்து சொல்வான்.

இது வெறும் கற்பனையல்ல. அமெரிக்காவில் 1970-களில் தொடங்கி, குடிப்பழக்கத்துக்கு அடிமையான விமானிகளுக்காக ஒரு திட்டம் நடைபெற்று வருகிறது. உண்மையை ஒப்புக்கொண்டு சிகிச்சை பெறுபவர், கண்காணிப்புக்கு உட்பட்டு மீண்டும் பறக்க வழி உண்டு. ஆயிரக்கணக்கான விமானிகள் அவ்வாறு பணிக்குத் திரும்பியிருக்கிறார்கள். திரும்பி வரக் கதவு திறந்திருந்ததால்தான் அவர்கள் வாய் திறந்தார்கள்.

திருமணக் காரியங்களிலும் இது நம்மைத் தொடுகிறது. பெண்ணுக்கு வலிப்பு, பையனுக்கு மனநலச் சிகிச்சை என்றால், "கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று பெரியவர்களே மறைத்துவிடுகிறோம். இல்வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு நிலையை, மணச் சம்மதம் பெறுவதற்காகவே வஞ்சகமாக மறைத்தால், அந்தத் திருமணமே செல்லாததாகலாம் என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது (தி.ச. 1098). நோய் இருப்பது குற்றமில்லை. நம்பி வரும் ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் பொய்யின்மீது ஏற்றுவதுதான் குற்றம். அதே வேளையில், உண்மையைச் சொல்லும் குடும்பத்தை ஊரெல்லாம் பேசி ஒதுக்குவது நாம்தானே? மறைக்கும் பெற்றோரைக் குறை சொல்லும் முன் நம் அன்பியக் கூட்டங்களில் நாம் பேசும் பேச்சையும் எண்ணிப் பார்ப்போம்.

நம் பங்குகள் இதில் சிலவற்றைச் செய்யலாம். மருத்துவ முகாம் நடத்தும்போது ஓட்டுநர்களுக்கென்று ஒரு மாலை ஒதுக்கி, கண்ணும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கலாம். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லலாம். நோயால் சில மாதம் வண்டி ஓட்ட முடியாதவரின் குடும்பத்துக்கு வின்சென்ட் தே பால் சபை அரிசியும் பள்ளிக் கட்டணமும் தந்து தாங்கலாம். குடியிலிருந்து மீள விரும்புவோர் கூடுவதற்குப் பங்கு அரங்கத்தில் ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். இவையெல்லாம் உண்மை பேசுவதைச் சற்று எளிதாக்கும் இரக்கச் செயல்கள்.

சிந்திக்க

1. நான் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தும் என் மருத்துவருக்குத் தெரியுமா? என் வீட்டாருக்குத் தெரியுமா?

2. படிக்காமல் நான் கையொப்பமிட்ட 'இல்லை' எத்தனை? அதில் எவருடைய உயிராவது அடங்கியிருக்கிறதா?

3. என்னிடம் வேலை செய்பவர், என் கணவர், என் மனைவி, என் பிள்ளை தம் பலவீனத்தை என்னிடம் அச்சமின்றிச் சொல்ல முடியுமா?

4. பிறருடைய நோயைப் பற்றி உறுதியில்லாத செய்தியை நான் பரப்பியிருக்கிறேனா?

திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920-ல் லொரேத்தோ அன்னையை விமானப் பயணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். டிசம்பர் 10 அன்று அவ்வன்னையின் நினைவைத் திருச்சபை கொண்டாடுகிறது. வானில் செல்வோரை மட்டுமன்றி, பல்லடம் சாலையிலும் தாராபுரம் சாலையிலும் இரவு பகலாக நம் பிள்ளைகளைச் சுமந்து செல்வோரையும் அவ்வன்னையிடம் ஒப்படைப்போம்.

செபிப்போம்: உண்மையின் ஊற்றாகிய இறைவா, எங்களை நம்பி எங்கள் பின்னால் அமர்ந்திருப்போரின் முகங்களை எங்களுக்குக் காட்டியருளும். எங்கள் பலவீனத்தை மறைக்கத் தூண்டும் அச்சத்தை எங்களிடமிருந்து அகற்றும். நடுங்கியபடி உண்மையைச் சொல்ல வருவோரை உம் திருமகனைப் போல் ஏற்றுக்கொள்ளும் இதயத்தை எங்களுக்குத் தாரும். விபத்துகளில் இறந்த அனைவருக்கும் நிலையான இளைப்பாற்றியை அருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.